ஏழாம் பைக்கு நாலு கை மணல்

உங்களில் இரண்டு பேர் போன வாரம் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "உங்க காலத்துல தப்பே நடக்காதாமே சார்" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனீர்கள். அப்படி உங்களிடம் சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஒன்று, அவர் மிக நல்லவராக இருக்க வேண்டும். அல்லது எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவராக இருக்க வேண்டும். நீங்கள் போனதும் பரணிலிருந்து என் டைரிகளை இறக்கி வருஷ வாரியாக அடுக்கினேன். நான் செய்த தப்புகளில் எது சிறந்தது என்று முடிவு செய்ய மூன்று நாள் பிடித்தது. அதை இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் படிக்கலாம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது நம் ஆய்வுக்கூடம் ராயபுரத்தில் இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி, யுத்தகாலத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன தகரக் கொட்டகை. மலைப்பக்கம் எங்காவது நிலம் சரிந்தால், அல்லது பழைய காலத்தில் சரிந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அங்கே தோண்டிய மண் பைகளில் கட்டப்பட்டு ரயிலேறி எங்களிடம் வரும். அதில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்று பார்த்து, அந்த மண் அங்கேயே பிறந்ததா, மேலிருந்து இறங்கி வந்ததா என்று நாங்கள் சொல்ல வேண்டும். கடல் மட்டத்துக்கு ஆறடி மேலே உட்கார்ந்துகொண்டு ஆறாயிரம் அடி உயரத்தில் நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வேலை. தெற்கிலிருந்து காற்றடித்தால் நிலக்கரித் தூள் வரும். கிழக்கிலிருந்து அடித்தால் கருவாட்டு வாசனை வரும். மலைநாட்டு இன்ஜினியர்கள் எங்களைக் 'கருவாட்டு ஆபீஸ்' என்று சொல்வதாகக் கேள்வி.

எங்கள் தலைமை அதிகாரி திருநெல்வேலிக்காரர். ராயபுரத்தில் இருபது வருஷம் இருந்தும் 'வே' போடுவதை அவர் விடவில்லை. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. "நம்ம பேரு ரிப்போர்ட்டுக்குக் கீழ வரலாம், கதைக்குள்ள வரக்கூடாது வே" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சேர்ந்த முதல் மழைக்காலத்தில் அவர் என்னைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நிலக்கரிக் குவியலுக்கு அழைத்துப்போனார். முந்தின நாள் மழையில் அதன் ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேலே அகப்பையால் அள்ளியதுபோல் ஒரு குழிவு. கீழே, சரிந்த கரி பரவி நின்று மேசைபோல் சமமான ஒரு திட்டு. அந்தத் திட்டின் மேல் ஓர் ஆடு கண்ணை மூடிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அந்த ஆடு ஏன் அங்க போயிப் படுத்துருக்கு?" என்று கேட்டார்.

"சமமா இருக்கு சார்."

"அதேதான். மலையில மனுசனும் அப்படித்தான் வீடு கட்டுதான். மேல குழிவும் கீழ சமதளமும் கண்டா, ஆட்டை எழுப்பி விடணும். இதுதான் வே நம்ம உத்தியோகம். மத்ததெல்லாம் மைக்ராஸ்கோப்பு."

நீங்கள் பெரிய புத்தகங்கள் படித்துவிட்டு வருகிறீர்கள். அவற்றில் நிலச்சரிவுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்து காசிம் பாய். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். எங்கள் மாதிரிக் கிடங்குக்கு எடைக்காரர். வரும் பைகளை இறக்கி, தராசில் நிறுத்து, ரயில்வே சீட்டில் எழுதியிருக்கும் எடையோடு ஒப்பிட்டு எங்களிடம் சேர்ப்பார். வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை மடித்த சட்டை, எப்போதும் சுண்ணாம்புக்கட்டித் தூள் படிந்த விரல்கள். அவர் வந்த நாளிலிருந்து எங்களுக்கு எடையில் ஒரு தகராறும் வந்ததில்லை. அவுன்ஸ் பிசகாது. இதை நான் பெருமையாக நினைத்திருந்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். மேற்கே ஒரு மலையூரில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சாலையில் உழைக்கும் நாற்பது குடும்பங்கள் சாலையோரத் தகரக் குடிசைகளில் இருந்தன. அவர்களுக்கு வீடு கட்ட அங்கிருந்த இன்ஜினியர் ஓர் இடம் பார்த்தார். மலைச்சரிவின் அடியில் அழகான சமதளம், பக்கத்திலேயே ஊற்று. அந்தச் சமதளம் பழைய சரிவாக இருக்குமோ என்று மேலிடத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். ஆகவே பன்னிரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடிக்கு ஒரு பையாகப் பன்னிரண்டு கித்தான் பைகளில் மண் எடுத்தார்கள். ஓரடியில் எடுத்தது முதல் பை, ஏழடியில் எடுத்தது ஏழாம் பை. ஒவ்வொன்றும் அங்கேயே நிறுத்துப் பத்து ராத்தல்.

சோதனை சுலபமானது. மேலே முகட்டுப் பாறையில் கார்னெட் என்ற சிவப்பு மணிகள் உண்டு. சமதளத்துக்கு அடியில் இருக்கும் பாறையில் அது கிடையாது. பைகளில் சிவப்பு மணி இருந்தால் அந்த மண் மேலிருந்து வந்தது. எந்த அடியில் சிவப்பு மணி நின்றுபோகிறதோ அங்கேதான் பழைய சரிவின் அடிப்பரப்பு. அந்தப் பரப்பு ஈரமாகவும் வழவழப்பாகவும் இருந்தால், மேலே இருப்பதெல்லாம் மறுபடியும் கிளம்பும்.

பைகளோடு இன்ஜினியரின் கடிதமும் வந்தது. அடிக்கல் நாட்ட மந்திரி வருகிறார், அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றிருந்தது. விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

பைகள் வந்த நாளின் என் டைரி இப்படி இருக்கிறது: "மழை இல்லை. காற்று வடகிழக்கு. பன்னிரண்டு பைகள் வந்தன. எடை சரி. மதியம் எலுமிச்சைச் சாதம். உப்பு சற்றுக் கூடுதல்."

சாதத்தில் உப்புக் கூடினதைக் கண்டுபிடித்தவன், 'எடை சரி' என்பதில் என்ன கூடுதல் என்று பார்க்கவில்லை.

எட்டு நாள் வேலை. பன்னிரண்டு பைகளிலும் சிவப்பு மணி இருந்தது. ஓரடியிலும் இருந்தது, பன்னிரண்டடியிலும் இருந்தது. நான் மகிழ்ச்சியில் மிதந்தேன், ஏனென்றால் அதோடு வேறு இரண்டும் கிடைத்தன. ஏழாம் பையில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைச் சில். அமிலம் பட்டதும் நுரைத்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் சந்தேகமில்லாமல் கிளிஞ்சல். "மலைமேல் கடல்!" என்று டைரியில் எழுதினேன். அந்த வருஷ டைரியில் ஆச்சரியக்குறி அந்த ஒன்றுதான். அடுத்து நாலாம் பையில் ஒரு சிவப்புத் தகடு. மிக மெல்லியது, நகத்தால் கீறலாம், எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதுக் கனிமம் கண்டுபிடிப்பவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி ஏழு மாதம். 'கமலைட்' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அறிக்கையைச் சுத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். சாரம் இது: பன்னிரண்டடிவரை சிவப்பு மணி இருப்பதால் இது பழைய சரிவுதான்; ஆனால் அடிப்பரப்பு மிக ஆழத்தில் இருக்கிறது. எட்டு நாள் ரயில் பயணத்துக்குப் பிறகும் எந்தப் பையிலும் எடை குறையவில்லை. ஆகவே மண்ணில் ஈரம் இல்லை. ஆழமானது, உலர்ந்தது, எப்போதோ அடங்கிவிட்டது. வீடு கட்ட ஆட்சேபணை இல்லை. பின்னிணைப்பாக, மலைமேல் கடல் இருந்த காலம் பற்றி ஆறு பக்கம்.

அவர் ஆறு பக்கத்தையும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"ஒரு பைகூடவா கொறையலை?"

"ஒண்ணுகூட இல்லை சார். பன்னிரண்டும் பத்து ராத்தல். கச்சிதமா இருக்கு."

"எங்க வீட்டுல மாடியில வடகம் காயப்போட்டா ஒரே வெயில்ல பாதியாயிருது. இது துணிப்பையில எட்டு நாள் வந்துருக்கு. மலைமண்ணு. ஒரு அவுன்ஸ் ஈரங்கூடவா போவாது?" என்று கேட்டுவிட்டு, "பார்த்ததை எழுதினீரா, எழுத நெனைச்சதைப் பார்த்தீரா வே?" என்றார்.

அறிக்கையை மூடி வைத்தார். "அந்தச் செவப்புத் தகடு இருக்கே, அதைக் கொண்டாரும்" என்றார்.

கண்ணாடிச் சில்லின் மேல் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோனேன். அவர் அதை ஒரு குண்டூசி முனையில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கமலைட் சுருண்டது, கறுத்தது, நாறியது. ராயபுரத்தில் படகுக்கு வர்ணம் அடிக்கும் இடத்தில் என்ன வாசனை வருமோ அதே வாசனை.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிடங்குச் சுவரில் ஆறு தீ வாளிகள் வரிசையாகத் தொங்கின. சிவப்பு வர்ணம். ஒவ்வொன்றிலும் வெள்ளையில் 'மணல்' என்று எழுதியிருந்தது. நெருப்புப் பிடித்தால் கொட்டுவதற்காக எதிர்க் கடற்கரையிலிருந்து அள்ளி நிரப்பியவை. தராசுக்குப் பக்கத்திலிருந்த வாளி பாதி காலியாக இருந்தது. அதன் விளிம்பில் கை உரசி உரசி வர்ணம் உரிந்திருந்தது.

நம் கடற்கரை மணலில் சிவப்பு மணி எவ்வளவு உண்டு என்று உங்களுக்கே தெரியும். அலை விலகும்போது கோடு கோடாய் சிவந்து கிடக்கும். தினமும் அந்தக் கரையோரம் சைக்கிளில் வருகிற எனக்கும் தெரியும்.

"பாயைக் கூப்பிடும்" என்றார்.

காசிம் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா சார், கூப்ட்டீங்களாமே."

"பாய், பையில மணலு போட்டீரா?"

"போட்டேன் சார்." ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"எதுக்கு?"

"எடை கொறைஞ்சிகீது சார். சீட்டுல பத்து ராத்தல்னு போட்டுகீது. தராசுல வச்சா ஒம்போதே முக்கா, ஒம்போதரை. ஒண்ணு எட்டரை! ஒண்ணரை ராத்தல் எங்க பூட்ச்சின்னு கேப்பாங்கோ. ரயில்காரன் கைய விரிச்சிடுவான். அப்பால யாரு? பாய்தான் தூக்கினு பூட்டான்னு ஒரே பேஜாரு. அதான் வாளிலேர்ந்து அள்ளிப் போட்டு சரி பண்ட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மண்ணை யார் பாய் திருடுவாங்க?" என்று கத்தினேன்.

"உப்பை மட்டும் யாரு சார் திருடுவாங்கோ?" என்றார் அவர்.

பிறகு சொன்னார். எங்களிடம் வருவதற்கு முன் எண்ணூர்ப் பக்கம் ஓர் உப்புக் கிடங்கில் எடைக்காரராக இருந்தாராம். வெயில் காலத்தில் உப்பு மூட்டை காய்ந்து எடை இறங்கும். புதிதாக வந்த மேலாளருக்கு அது தெரியாது. கணக்கில் குறைகிறது என்று கேட்டில் நிறுத்திச் சோதனை போட்டார்கள்.

"நாலு பேர் எதுர்ல தொப்பிய கய்ட்டச் சொன்னாங்கோ சார். நீங்களே சொல்லுங்கோ. தொப்பிக்குள்ள எத்தினி ராத்தல் உப்பு வைக்க முடியும்?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குக் கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

என் நிலைமையைக் கேளுங்கள். மாதிரிகள் கெட்டுவிட்டன. மறுபடி குழி வெட்டி மண் வரவழைக்க மூன்று வாரம் ஆகும். விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. நாங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். எழுதியதை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எந்த ஆழத்தில் வழுக்குகிறது என்று தெரியாமல், ஈரம் இருக்கிறதா என்றும் தெரியாமல், நாற்பது குடும்பங்களை அந்தச் சமதளத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருப்பேன். அவர்களுக்கு மேலே மலை.

"கடல்மணி வேற, மலைமணி வேற சார்" என்றேன். "கடல்மணி அலையில உருண்டு மழுங்கியிருக்கும். மலைமணி கூர் மாறாம செம்மண் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊசியால ஒவ்வொண்ணா பிரிச்சிடலாம். ஆனா ஈரம் போச்சு சார். அதை இனிமே யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

காசிம் பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தினி போட்டேன்னு தெரிஞ்சா ஒத்தாசையா இருக்குமா சார்?"

"தெரியுமா பாய்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்கோ. கலந்தவன் நானு. எத்தினி கலந்தேன்னு தெரியாம கலப்பனா?"

தராசுக்குப் பின்னால் இருந்த மரக் கதவை அவர் இழுத்தார். அதன் உள்பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் பன்னிரண்டு வரிசை. ஒரு கை மணலுக்கு ஒரு கோடு, அரைக் கைக்கு ஒரு குட்டைக் கோடு, சிட்டிகைக்கு ஒரு புள்ளி. முதல் ஆறு பைகளுக்கு ஒன்று, ஒன்றரை, ஒன்று, இப்படி. எட்டிலிருந்து பன்னிரண்டுவரை வெறும் புள்ளிகள். நடுவில் ஏழாம் வரிசையில் மட்டும் நாலு முழுக் கோடுகள், வேலி போல நின்றன.

போட்ட மணல் எவ்வளவோ, போன தண்ணீர் அவ்வளவு. மண்ணிலிருந்து காற்றோடு போன ஈரத்தை, பைக்குப் பை அளந்து, அந்த மனிதர் கதவில் எழுதிவைத்திருந்தார். இரண்டு வண்ண மையில் டைரி எழுதும் நான் எழுதாததை.

அதிகாரி அந்தக் கோடுகளை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு திரும்பி, "பாய், உம்ம கை எத்தனை அவுன்ஸு?" என்றார்.

அது தெரியாமல் கணக்கு நிற்காது. காசிம் பாயைப் பத்து முறை அள்ளச் சொன்னோம். அவர் வாளிக்குள் கையை விட்டு, ஒருமுறை குலுக்கி, தட்டில் கொட்டுவார், நான் நிறுப்பேன். ஆறு அவுன்ஸ். ஆறு. ஆறு. ஐந்தே முக்கால். "இருங்கோ, மோதிரத்துல ஒட்டிகினு கீது" என்று விரலைத் தட்டினார். ஆறு. பத்தும் ஆறு. அதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. "நீரும் அள்ளும் வே" என்றார். நான் அள்ளினேன். நாலு. ஏழரை. ஐந்து. மூன்றாவது முறை பாதி மணல் தரையில் போயிற்று.

"சாருக்கு கை இன்னும் செட் ஆவல" என்றார் காசிம் பாய், மிகுந்த மரியாதையோடு.

நாலு கை, இருபத்துநாலு அவுன்ஸ். ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ், ஆக ஒன்றரை ராத்தல். அவர் சொன்ன எட்டரை ராத்தலோடு சரியாகப் பொருந்தியது.

அடுத்த மூன்று நாள் நானும் ஊசியும். கடல்மணியை ஒதுக்கி மலைமணியை எண்ணினேன். முதல் ஏழு பைகளில் கூர் மாறாத சிவப்பு மணி இருந்தது. எட்டாம் பையில் ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழேயும் இல்லை. மேலிருந்து வந்த மண் ஏழடியில் முடிந்துபோகிறது. ஏழாம் பையில் ஒரு கட்டி மட்டும் உலக்கைக்கு மசியாததால் நான் பொடியாக்காமல் விட்டிருந்தேன். நீரில் நனைத்துப் பிளந்தேன். உள்ளே ஒரு பக்கம் சிலேட்டுப் பலகைபோல் பளபளத்தது. அதன்மேல் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். விரலை வைத்தால் சோப்புபோல் வழுக்கியது. மற்றக் கட்டிகளை எல்லாம் பார்க்காமலே இடித்தவன் நான். உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், இடிக்கும் முன் பாருங்கள்.

ஏழடியில் வழுக்குப் பரப்பு. அதன்மேல் தேங்கி நிற்கும் தண்ணீர். அதன்மேல் நாற்பது வீடுகள். அறிக்கையின் முடிவு மாறிவிட்டது: அங்கே கட்டக் கூடாது.

இப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "சார், கடல்மணல் கலந்ததை எழுத வேண்டாம். பிரிச்சாச்சு, முடிவு சரியா இருக்கு. எழுதினா சிரிப்பாங்க."

"எழுதும்."

"பாய்க்கு வேலை போயிரும் சார்."

"கெடங்கு என் பொறுப்புல இருக்கு. 'என் கெடங்கில் கலந்தது'ன்னு எழுதும், கீழ நான் கையெழுத்துப் போடுதேன். கதவுல இருக்கறதை அப்படியே படம் வரைஞ்சு இணைப்பாச் சேரும்."

"எல்லாரும் சிரிப்பாங்க சார்."

"சிரிக்கட்டும் வே. சிரிக்கணும்னா மொதல்ல படிக்கணும்லா."

அவர் சொன்னது பலித்தது. நான் எழுதிய அறிக்கைகளில் எல்லோரும் கடைசிவரை படித்தது அந்த ஒன்றுதான். இரண்டாம் நாளே இன்ஜினியர் டிரங்க் கால் போட்டார். அந்தக் காலத்து டிரங்க் காலில் அவர் பேசியது எனக்கும், கொட்டகைக்கு வெளியே கருவாடு காயவைத்தவர்களுக்கும் கேட்டது.

"என்னங்க இது? அழைப்பிதழ் கொடுத்தாச்சு! நாலு கை மணலை நம்பி மந்திரியை நிறுத்தச் சொல்றீங்களா?"

"மணலை நம்பி இல்லைங்க" என்று எங்கள் அதிகாரி நிதானமாகச் சொன்னார். "நாலு கை தண்ணியை நம்பி."

 அத்தோடு இணைப்புப் போய்விட்டது.

அடிக்கல் இடம் மாறியது. மேலே அரை மைல் தள்ளி, பாறைமேல், தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டிய ஓர் இடம். அதற்கு ஏற்பாடு செய்ய நாளானது. நாற்பது குடும்பங்களும் இன்னொரு மழையைத் தகரத்தின் கீழ்க் கழித்தன. இதை எழுதாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். ஆனால் அது எடை கூட்டிய கதையாகிவிடும். நம் வேலையில் 'கூடாது' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் யாரோ நனைகிறார்கள். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதாமலும் இருக்காதீர்கள்.

வீட்டில் கமலைட்டின் கதையைச் சொன்னேன். "வாளிப் பெயிண்டுக்கா என் பேரு வச்சீங்க?" என்று கேட்டவள், இரண்டு நாள் என்னோடு அளவாகவே பேசினாள்.

காலியாகக் கிடந்த சமதளத்தை வீணாக்குவானேன் என்று இன்ஜினியர் அங்கே டென்னிஸ் மைதானம் போட்டார். வலை கட்டி, சுண்ணாம்புக் கோடு இழுத்து, அதிகாரிகள் சாயங்காலம் விளையாடினார்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: "தங்கள் நிலச்சரிவு இதுவரை வந்து சேரவில்லை. ரயில்வேயில் விசாரிக்கவும்." இரண்டாம் மழை முடிந்ததும் அதே வாசகத்தில் இன்னொரு கார்டு. எனக்கு அவமானமாக இருந்தது. நிலம் சரிய வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அதிகாரியிடம் சொன்னேன். "சரியாம இருந்தா நல்லதுதானே வே. ஆட்டை எழுப்பத்தான் நமக்குச் சம்பளம். மலையை எழுப்பறதுக்கு இல்லை" என்றார்.

மூன்றாம் வருஷம் ஐப்பசி அடைமழையில், காலை பதினோரு மணிக்கு, அலுவலகத்துக்கு ஒரு தந்தி வந்தது: "தங்கள் சரக்கு வந்து சேர்ந்தது. வலையைக் காணோம். ஆட்கள் அனைவரும் நலம்."

நான் எழுந்து நின்று அதை உரக்கப் படித்தேன். அதிகாரி 'ஆட்கள் அனைவரும் நலம்' என்பதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு தீக்குச்சி கேட்டு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். சிவப்பு வாளிகளுக்கு நேர்கீழே அவர் புகைத்தது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு வாரம் கழித்து அந்த இன்ஜினியர், யாரும் கேட்காமலே, சரிந்த இடத்திலிருந்து ஒரு பை மண் அனுப்பினார். ஏழடிக் களிமண். கித்தான் பை. சீட்டில் அவர் கையாலேயே 'பத்து ராத்தல்' என்று எழுதியிருந்தார்.

காசிம் பாய் அதைத் தராசில் வைத்தார். எடைக்கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கை தானாக வாளிப் பக்கம் போனது. போன கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கொறையுது சார். ஒண்ணேகால் ராத்தல்."

"சரி பாய்."

"கொறைச்சல்னே எழுதிக்கிறீங்களா?"

"கொறைச்சல்னே எழுதறேன் பாய்."

அவர் தொப்பியைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. தராசுத் தட்டின் மேல் அதைக் கவிழ்த்து இரண்டு முறை தட்டினார். உள்பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். "இதுலயும் இல்ல சார், பாத்துக்கோங்கோ" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

அன்றைய டைரி: "மழை விட்டது. காற்று வடகிழக்கு. ஒரு பை வந்தது. எடை குறைவு. தொப்பி காலி."